என் பெயரில் உன் முதுகு

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதென்று முடிவு செய்திருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய், உன் அத்தான் எண்ணையும்தான். அதனால்தான் பேப்பரும் பேனாவும். உன் விலாசத்தைக் குண்டூசியிடம் வாங்கினேன். உன்னோடு அதே ஸ்கேன் அறையில் வேலை பார்த்த விசுவாசத்துக்கு, வாயே திறக்க மாட்டேன் என்று நின்றான். நான் அழுத பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். அந்த அழுகை நடிப்பில்லை.

போன வாரம் நான் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். ஆமாம், இந்தத் தடவை நானேதான். மார்பில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு எலும்புக்குள் எதுவும் பரவியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நீ எத்தனை முறை தொண்டை கிழியச் சொன்னாய். போயும் போயும் நீ ஊரைவிட்டுப் போன பிறகு எனக்குப் புத்தி வந்தது.

வளையத்துக்குள் என் தலை போனதும் உன் குரல் கேட்டது. "மூச்சை இழுத்துப் பிடிங்க." அலறியிருப்பேன், ஆனால் மூச்சை இழுத்தாகிவிட்டது. நீ அங்கே வேலை பார்த்தபோது பதிவு செய்து கொடுத்த குரலாம். ஆளை அனுப்பிவிட்டுக் குரலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். "மூச்சை விடுங்க" வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. நீ என் மேல் இருக்கிற கோபத்தில் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாய் என்றே நினைத்தேன். அப்படிப் பயந்தேன்.

இனி விஷயம். இங்கே புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார், படம் பார்த்துச் சொல்கிறவர். அவரோடு ஒரு புது ஏற்பாடும் வந்திருக்கிறது. பழைய படத்தையும் புதுப் படத்தையும் எலும்புக்கு எலும்பு பொருத்தி வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது கம்ப்யூட்டர். மாறாமல் இருப்பதெல்லாம் சாம்பல் நிறமாகி மறைந்துவிடும். மாறியது மட்டும் தனியாக நிற்கும். என்னையும் அத்தானையும் உட்கார வைத்துக் காட்டினார். திரை முழுக்கச் சாம்பல். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"போன தடவை இந்த முள்ளெலும்புல சின்னதா ஒரு ஓட்டை இருந்திருக்கும்மா. அப்ப யார் கண்ணுலயும் படல. இப்படி வச்சுக் கழிச்சாதான் தெரியுது. ஆனா கவலப்படாதீங்க, இப்ப அது இல்ல. மருந்து நல்லாக் கேட்டிருக்கு" என்றார்.

அத்தான் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். நான் அழவில்லை. ஏனென்றால், போன தடவை அந்த மேஜையில் படுத்தது நான் இல்லை என்பது உனக்கும் எனக்கும் குண்டூசிக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை வேறு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது கரண்ட் போய், வளையத்துக்குள் இருட்டில் கிடந்தேனே, அதன் பிறகு அந்த அறை வாசலைத் தாண்ட என் கால் வரவில்லை. வெளியே அத்தான் காத்திருந்தார். நான்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "நீ போய்ப் படுத்துடுடி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே உடம்பு. அந்தப் பச்சை அங்கியைப் போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" நீ படுத்தாய். படம் என் பெயரில் ஏறியது.

அந்த ஓட்டை உன்னுடையது. உடனே போய்ப் பார்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. அந்த அளவுக்குக்கூட உன் மேல் அக்கறை மிச்சமில்லை.

எலும்புக்கு எலும்பு பொருத்துவது ஒரே ஆளின் இரண்டு படங்களுக்குத்தான் சரிவரும். உன் முதுகை என் முதுகின் மேல் ஏற்றி வைத்தால் எங்கே பொருந்தும்? அங்கங்கே இடிக்கும், இடித்த இடமெல்லாம் பொட்டாகத் தெரியும். இது நோய் இல்லை, கணக்குப் பிழை. இத்தனை வருடம் இந்த வேலையில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன். உன் டாக்டருக்கு இரண்டு பேர் என்று தெரியாது, பாவம், அவர் என்ன செய்வார்.

நான் இங்கே மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அதே மாதிரி இயந்திரம், கொஞ்சம் பழசு. நாய், பூனை, ஒரு தடவை ஆமை. மயக்க ஊசி போட்டுத்தான் படுக்க வைப்போம், அதனால் யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. எதுவும் எனக்குப் பதில் நீ போய்ப் படு என்று கெஞ்சுவதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

இதை யாரிடமும் உளறி வைக்காதே. ஆள் மாறாட்டம் செய்தவள் என்று தெரிந்தால் என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், குண்டூசியும் தெருவில் நிற்பான். அத்தானிடமும் வேண்டாம். அவர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி எழுதாதே. எழுதினாலும் பதில் வராது.

எந்தப் பக்கம் என்று சொன்னார்? இடதா, வலதா?

*

மார்ச் 1

சின்னவளுக்கு,

பதில் வராது என்று எழுதிவிட்டுக் கீழே கேள்வியும் கேட்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான், கதவைச் சாத்திக்கொண்டு சாவித் துவாரம் வழியாகப் பேசுவாய்.

நீ சொன்னதையே நானும் நினைத்தேன். அதனால் கழித்த படம் வேண்டாம், பழைய படத்தை மட்டும் தனியாகக் காட்டுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். காட்டினார். கழிக்காமலே தெரிகிறது. மார்புக் கூட்டின் பின்னால் கீழ்ப்பக்கம், பத்தாவது முள்ளெலும்பாம். பூச்சி அரித்த மாதிரி ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். எங்கே என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் தெரிகிறது. படத்தில் வலது பக்கம் இருக்கிறது.

அவருக்கும் ஏதோ உறுத்துகிறது. "ரெண்டு படமும் சரியா ஒட்டவே மாட்டேங்குதும்மா. அதுவும் புதுப் படத்துல தோள்பட்டை எலும்பு உடைஞ்சு சேர்ந்திருக்கு. பழசுல அது இல்லையே?" என்று கேட்டார். நான் ஏழாவது படிக்கும்போது ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதானே தள்ளிவிட்டாய். வாய் கூசாமல், "போன வருஷம் குளியலறையில வழுக்கி விழுந்தேன் டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டார். உன் உரிமத்துக்காக இன்னும் எத்தனை இடத்தில் வழுக்கி விழ வேண்டுமோ தெரியவில்லை.

பழைய படத்தை ஒரு குறுந்தட்டில் பதிந்து தரச் சொன்னேன். படத்துக்கு உரியவரிடம்தான் தருவோம் என்றார்கள். உரியவள் நான்தான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மவுஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. நுரையீரல், இதயம், வயிறு. மேலே மூலையில் என் பெயர், என் பிறந்த தேதி. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாய். மூச்சை விடு என்று உன்னிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை என்று தோன்றியது. ஒன்றரை வருடமாக அந்தத் தட்டுக்குள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

அத்தான் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "இதுதானா அது? ஒன் முதுகு எவ்வளவு நேரா இருந்திருக்கு பாரு" என்று சொல்லி, விரலால் அந்தப் பள்ளத்தைத் திரையின் மேலேயே மெதுவாகத் தடவினார். ரொம்ப ஆசையாகத் தடவினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ எங்கேயோ தொலைதூரத்தில் சட்டென்று திரும்பிப் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்.

எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அத்தான் ஒரு மூச்சு, நான் ஒரு மூச்சு, இடையில் மூன்றாவதாக ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் வருகிறது. விடுகிற சத்தம் வருவதே இல்லை.

போய்ப் பாருடி.

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

தட்டு வந்தது. மேஜை மேல்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை.

படத்தில் வலது பக்கம் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். எனக்குக் கொஞ்ச நாளாக முதுகில் வலி உண்டு, ஆனால் அது இடது பக்கம். அப்பாடா என்று டீ போட்டுக் குடித்தேன். பாதிக் கோப்பையில்தான் நான் யார், என்ன வேலை பார்க்கிறவள் என்று ஞாபகம் வந்தது. படுத்திருக்கிற ஆளைக் கால் பக்கம் நின்று பார்க்கிற மாதிரிதான் படம் வரும். படத்தின் வலது, ஆளின் இடது. புதிதாக வருகிற பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். மீதி டீயைக் கொட்டிவிட்டேன்.

வலி எல்லோருக்கும் வரும். கனமான நாய்களைத் தூக்கிப் படுக்க வைக்கிறேன், வராமல் என்ன செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை. இங்கே மூன்று கால் நாய் ஒன்று இருக்கிறது. யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது, ஆஸ்பத்திரியிலேயே வளர்கிறது. முக்காலி என்று கூப்பிடுகிறோம். நான் சேர்ந்த வாரத்திலிருந்தே, உட்கார்ந்தால் போதும், பின்னால் வந்து என் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். தள்ளிவிட்டாலும் வரும். வேறு யாரிடமும் இப்படிச் செய்யாது. பாசம் என்று நினைத்துப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் கவனித்தேன். எப்போதும் ஒரே இடம். இடது பக்கம், தோள் எலும்புக்குக் கீழே. இன்று நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். அது எதிரில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாலை ஆட்டவில்லை.

நீ அன்று உன் வீட்டுக் கூடத்தில் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். இன்னொரு நாள் வந்து உன் படத்தை ஒழுங்காக எடுத்துக்கொள், இல்லாவிட்டால் அத்தானிடம் சொல்லிவிடுவேன் என்றதற்கு, "என் எடத்துல வந்து படுத்தது போதாதா? நான் போன பொறவு என் வீட்லயும் வந்து உக்காரலாம்னு பாக்குறியா?" என்று கேட்டாய். அன்று ராஜினாமா எழுதியவள்தான். உன் வீட்டில் ஒரு நாற்காலிகூட எனக்கு வேண்டியிருக்கவில்லை அக்கா. உன் நோய்தான் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. படித்தவள் எழுதுகிற எழுத்து இல்லை இது, தெரியும். நீ படுக்க வேண்டிய இடத்தில் நான் படுத்தேன், உனக்கு வர வேண்டியது வழி தவறி எனக்கு வந்துவிட்டது என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தட்டைப் போட்டுப் பார்க்க மாட்டேன். பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும்.

*

மார்ச் 19

சின்னவளுக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டரிடமும் அத்தானிடமும்.

நீ என்னைத் திட்டித் தீர்க்கலாம், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் இதையும் படி. அந்த டாக்டர் "இப்ப அது இல்ல" என்று சொன்னாரே, அப்போது ஒரு கண் சிமிட்டும் நேரம் நான் சந்தோஷப்பட்டேன். அது யாருடைய முதுகு என்று தெரிந்தே சந்தோஷப்பட்டேன். எனக்கில்லை, அவளுக்குத்தான் என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். அவளை வெளியே இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் போல இருக்கிறது. வழி தவறி வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் அவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அது என்னிடமிருந்து வந்ததில்லைடி. அம்மாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, உனக்கும் வரலாம் என்று அன்றே சொன்னார்கள். நீ என் மருந்துகளை வேளை தவறாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. நானும் இல்லை.

அத்தானிடம் சொன்னதும் போனை அணைத்து வைத்துவிட்டார். சந்தோஷச் செய்தி என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்ட மனிதர். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, "டாக்டர்கிட்ட நானும் வர்றேன். அவளுக்கு எதுவும் ஆகக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். தோள்பட்டை எலும்பு உள்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். உரிமம், விசாரணை என்று நான் ஆரம்பித்ததும், "அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எலும்புல இது தெரியுதுன்னா, வேற எங்கேயோ ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். ஒன்றரை வருஷமா சும்மா இருக்காது. அவங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

அந்தப் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். உன் பெயரைப் போடுவதற்கு நீ வந்து சொல்ல வேண்டுமாம். அதனால் இப்போதைக்கு மேலே மூலையில் எதுவும் இல்லை. பெயரில்லாத ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என்னால் அதை நினைக்க முடியவில்லை.

நீ வரவில்லையென்றால் நான் அங்கே வருகிறேன். நாய்களுக்கு நடுவில் வந்து நிற்பேன்.

அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

நீ உளறியதற்காக உன்னைத் திட்டி முதலில் நான்கு பக்கம் எழுதினேன். அது இத்துடன் இல்லை.

நேற்று மதியம் கடைசி நாய் எழுந்து போனதும், மிருக டாக்டரம்மாவிடம் போய் என்னை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். சிடுமூஞ்சி. "ஒனக்குப் பைத்தியமா? மனுஷ ஆஸ்பத்திரி ஊர்ல இல்லையா?" என்று எரிந்து விழுந்தார். உன் தட்டைக் கையில் கொடுத்தேன். திரையில் போட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பத்தாவது எலும்பு என்று சொன்னேன். பார்த்துவிட்டு, "செருப்பக் கழட்டிட்டுப் படு" என்றார்.

பெயர் போடாமல் அந்த இயந்திரம் ஓடாது. என் பெயரைப் போட்டால் என்ன இனம் என்று கேட்டது. மனிதர் என்று அதில் இல்லை. நாய், பெரிய ஜாதி என்று போட்டார். வயது நாற்பத்தொன்று என்றதை ஏற்கவில்லை. ஒன்பது என்று போட்டதும் ஏற்றுக்கொண்டது. நாங்கள் இரண்டு பேருமே சிரித்தோம், அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேஜை முழுக்க முடி, ஈர நாயின் வாடை. மூச்சைப் பிடிக்கச் சொல்ல அங்கே குரல் கிடையாது. நானே பிடித்தேன். முக்காலி கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு, இயந்திரம் சுற்றி முடிக்கும்வரை ஒரே சுருதியில் ஊளையிட்டது.

பிறகு இரண்டையும் பொருத்தினேன். தானாகப் பொருத்திக் கழிப்பதற்கு உன் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஏற்பாடு இங்கே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, எலும்பு எலும்பாக நகர்த்தி, கையாலேயே செய்தேன். சிரமமே இல்லாமல் ஒட்டியது. ஒரு எலும்பு இடிக்கவில்லை, ஒரு விலா பிசகவில்லை. கணக்குப் பிழை என்று உனக்கு எழுதினேனே, இங்கே பிழைக்கு இடமே இல்லை. நானும் நானும்தான். கழித்ததும் நான் மறைந்து போனேன் அக்கா. நுரையீரல், விலா, முதுகு எல்லாம் சாம்பலாகி, திரையில் ஆள் இருந்த தடமே இல்லை. பத்தாவது எலும்பில் அது மட்டும் நின்றது. உன் படத்தில் வெள்ளையாக இருந்ததே, இதில் கருப்பு. பள்ளம் பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு எலும்பு தள்ளிக் கீழே இன்னொன்று, சின்னது.

எத்தனையோ பேருக்கு இந்த மாதிரிப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். திரையில் நான் எங்கும் இல்லை, அது மட்டும் இருக்கிறது என்று பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்து போக முடியவில்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இடது அக்குளில் ஒரு கட்டி இருக்கிறது. இருக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கம் சோப்புப் போடாமல் குளித்துப் பழகிவிட்டேன். உன்னைச் சொன்னேனே, வளையத்தைக் கண்டு ஓடுகிறாய் என்று. நான் என் கையைக் கண்டே ஓடியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாருக்காவது எழுத வேண்டுமென்றால் உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

முதல் படம் உன் பெயரில், இப்போது பெயரில்லாமல். இரண்டாவது படம் ஒன்பது வயது நாயின் கணக்கில். மூன்றாவதையாவது மனுஷியாக, என் பெயரில் எடுத்துக்கொள்ளலாம் என்று வருகிறேன். சனிக்கிழமை பஸ். அத்தானை நிலையத்துக்கு அனுப்பு, பையைத் தூக்க முடியவில்லை. முக்காலியையும் கூட்டி வரலாமா என்று கேட்டேன், டாக்டரம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டிவிட்டு அதற்குக் கழுத்துப் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆக, இரண்டு பேர் வருகிறோம்.

குண்டூசியிடம் போனில் பேசிவிட்டேன். அவனுக்கும் என்னால் கஷ்டம்தான், ஆனால் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவனிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். அந்த வளையத்துக்குள் என் குரலே வந்து எனக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்வதை என்னால் தாங்க முடியாது. அன்றைக்கு மட்டும் அதை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மைக் இருக்கும். நீ அங்கே வந்து நிற்க வேண்டும். ஒரு தடவை தாண்டிவிட்டாய், மறுபடியும் அந்த அறை வாசலைத் தாண்ட உன் கால் வருமா என்று தெரியாது, ஆனாலும் வர வேண்டும். "இழுத்துப் பிடிங்க" என்று மரியாதையெல்லாம் வேண்டாம். எப்போதும் போல அதட்டினால் போதும், பிடித்துக்கொள்வேன்.

விடச் சொல்ல மட்டும் மறந்துவிடாதே.

சின்னவள்